அந்தோனியார் ஓடி ஏறும் மலை

புனிதரைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவோம் என்று எத்தோரே சொன்னபோது, அதை ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். வேகமாக நடப்பார்கள், உற்சாகத்தில் அதை ஓட்டம் என்கிறார்கள் என்று நினைத்தேன். மொன்றியலில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் திருநாள் பவனியைப் பல ஆண்டுகளாக ஒழுங்குபடுத்துகிறவன் நான். புனிதரின் சுருவத்தைத் தூக்குகிறவர்கள் ஒரே உயரம் உள்ளவர்களா என்று பார்த்து நிறுத்துவது, கோயிலின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வரும்போது சுருவக் கூடு ஆடாமல் பார்த்துக்கொள்வது, பொலிஸ் அனுமதி எடுப்பது எல்லாம் என் பொறுப்பு. புனிதர் ஓடுவது என் கற்பனைக்குள் வராத காரியம்.

எத்தோரே, சென்ட் லோரன்ட்டில் உள்ள விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். அவர் பாகங்களைச் செய்கிறவர். நான் அவற்றை அளந்து, சரியில்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறவன். அப்படித் திருப்பி அனுப்பியே நண்பர்களானோம். மரியதாஸ் என்ற என் பெயரை முதல் வாரத்திலேயே மரியோ என்று சுருக்கிவிட்டார். இத்தாலியின் நடுப்பகுதியில் குப்பியோ என்ற பழைய மலை நகரம் அவருடைய ஊர். ஓய்வு பெற்றபின், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மே மாதத் திருநாளுக்குப் போகப்போவதாகச் சொல்லி, "நீயும் மனைவியும் வாருங்கள். ஓவியம், கோயில், சாப்பாடு எல்லாம் இருக்கிறது" என்று அழைத்தார். அது மெழுகுதிரிகளின் திருநாள் என்றும் சொன்னார். என் மனைவி ரெஜினா உடனே கடைக்குப் போய் முழங்கை நீளத்தில் ஒரு மெழுகுதிரி வாங்கி, சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை லவாலில் எத்தோரேயின் வீட்டில் விருந்து. அவர் வைன் எடுக்க நிலவறைக்கு இறங்கிய நேரம் பார்த்து, அவருடைய மனைவி ரொசால்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மரியோ, அவருடைய நெஞ்சைத் திறந்து தைத்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அங்கே போனால் தூக்கப் பார்ப்பார். டொக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். மகளுக்குப் பேறுகாலம், நான் வரமுடியாது. நீ ஒழுங்கான மனிதன். தூக்கவிடமாட்டேன் என்று எனக்குச் சொல்லு."

தூக்கவிடமாட்டேன் என்று சொன்னேன். அவருடைய கண்கள் நனைந்திருந்தன. எத்தோரே போத்தலோடு படியேறி வந்தார். நாங்கள் அவரைப் பிஞ்சுக் கத்தரிக்காய் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாக நம்பவைத்தோம்.

பியர்பொன்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரெஜினா காருக்குள் சிரிக்கத் தொடங்கினாள். "அந்தாள் மாடு மாதிரி. நீங்கள் மறிக்கப் போனால் உங்களையும் தூக்கித் தோளில வைச்சுக்கொண்டெல்லோ ஓடுவார்."

"சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

முதல் நாள். குப்பியோவுக்கு ரயில் போகாது. ஒரு சின்ன நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். பஸ்ஸில் டிக்கெட் விற்பதில்லை. அதைப் புகையிலைக் கடையில் வாங்கவேண்டும். புகையிலைக் கடை மதியச் சாப்பாட்டுக்காகப் பூட்டியிருந்தது. இதைச் சாரதி எந்தக் கூச்சமும் இல்லாமல் விளக்கினார். எத்தோரே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஏறு மரியோ, ஒருவரும் கேட்கமாட்டார்கள்."

டிக்கெட் இல்லாமல் ஏறமாட்டேன் என்றேன். சாரதி என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். எத்தோரே யன்னலுக்குள் இரண்டு கைகளையும் விரித்தபடி வளைவில் மறைந்துபோனார்.

ரெஜினா பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். "நல்லது. அந்தாளைக் காவல் காக்க வந்தனீங்கள். அவர் போயிட்டார். நீங்கள் இந்த ஸ்டேசனைக் காத்துக்கொண்டு நில்லுங்கோ."

அடுத்த பஸ் வர வெகுநேரமாயிற்று. கடை திறந்ததும் டிக்கெட் வாங்கினேன். அதை அடுத்த பஸ்ஸின் சாரதி பார்க்கவேயில்லை.

குப்பியோவை முதலில் கீழிருந்து பார்க்கிறோம். சாம்பல் நிறக் கல் வீடுகள், மலைச் சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. நடுவில் பெரிய வளைவுகளின்மேல் ஒரு சதுக்கத்தையே தூக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மலையுச்சியில், ஊரின் பாதுகாவலரான புனித உபால்தோவின் கோயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. மொன்றியலிலும் மலையின்மேல் சிலுவை இருக்கிறது. ஆனால் அதை நோக்கி ஒருவரும் ஓடுவதில்லை.

இரவுச் சாப்பாடு எத்தோரேயின் தம்பி புரூனோ வீட்டில். கல்லின்மேல் சுட்ட தட்டை ரொட்டி, அதற்குள் கீரையும் இறைச்சியும். ரெஜினா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்து, "இது எங்கட ரொட்டிதானே. தேங்காய்ப்பூ போட மறந்துபோனினம்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். புரூனோ என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மிகவும் நன்றாயிருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன். அவர் இளவயதில் லக்சம்பேர்க் சுரங்கத்தில் வேலை செய்தவர். அங்கே படித்த பிரெஞ்சு, எங்கள் கெபெக் பிரெஞ்சைவிடத் தெளிவாக இருந்தது.

இரண்டாம் நாள் காலையில், சதுக்கத்தில் உள்ள பழைய மாளிகையைப் பார்க்கப் போனோம். அங்கே வெண்கலத் தகடுகள் சில இருக்கின்றன. கிறிஸ்துவுக்கு முந்தியவை. நகரத்தைச் சுற்றிப் பலி கொடுத்து வரும் முறையை அவற்றில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சடங்கில் ஒரு பிழை நேர்ந்தால், தொடக்கத்துக்குத் திரும்பிப்போய் மறுபடியும் செய்யவேண்டுமாம். எத்தோரே இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்னைப் போன்றவர்களின் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அடுத்த மண்டபம் வரைக்கும்தான் நிலைத்தது.

அடுத்த மண்டபத்தில் மூன்று மெழுகுதிரிகள் நின்றன. நின்றன என்று சொல்வதைவிட, எங்கள்மேல் சாய்ந்தன என்று சொல்லலாம். மரத்தால் செய்தவை. மூன்று ஆள் உயரம்; நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கி, மேலும் கீழும் பீப்பாய்போல் பருத்தவை. இவற்றின் உச்சியில்தான் புனிதர்களைப் பொருத்துவார்கள்: ஒன்றில் உபால்தோ, ஒன்றில் ஜோர்ஜியார், ஒன்றில் அந்தோனியார். கைப்பையிலிருந்த தன் மெழுகுதிரியைத் தொட்டுக்கொண்டு ரெஜினா அண்ணாந்து பார்த்தாள்.

"இதில எங்க கொளுத்துறது?"

"இதை நிமிர்த்தி, தோளில் வைத்து, ஊர் முழுக்க ஓடி, பிறகு மலையுச்சிவரை ஓடுவோம்" என்றார் எத்தோரே. "எங்கள் குடும்பம் அந்தோனியார் பக்கம். கறுப்புச் சட்டை."

எந்த அந்தோனியார் என்று ரெஜினா கேட்டாள். எல்லாருக்கும் தெரிந்த பதுவை நகர் அந்தோனியார் அல்ல, வனத்தில் தவம் செய்த பழைய அந்தோனியார் என்று தெரிந்ததும் அவளுக்குச் சற்று ஏமாற்றம். ஆனாலும் மரத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டாள்.

மலையுச்சிக்கு ஒரு கம்பிவட ஊர்தி இருக்கிறது. மூடிய பெட்டி என்று நினைத்துச் சீட்டு வாங்கினேன். வந்தது திறந்த கம்பிக்கூடு; இடுப்புயரத்துக்கு மட்டும் கம்பி. அது நிற்பதும் இல்லை. நிலத்தில் ஒரு வட்டம் வரைந்திருக்கிறார்கள். அதில் நிற்கவேண்டும், கூடு வரும்போது ஊழியர் நம்மை அதற்குள் தள்ளிக் கதவைக் கொளுவிவிடுவார். பாதுகாப்புப் பட்டியோ எச்சரிக்கைப் பலகையோ இல்லை. எங்கள் தொழிற்சாலையில் ஏணியில் ஏறுவதற்கே கையெழுத்து வேண்டும். கூட்டுக்குள் விழுந்து எழும்பிக் கீழே பார்த்தபோது ஊர் எங்கள் கால்களுக்கு அடியில் தொங்கியது.

"கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோற மாதிரி" என்று ரெஜினா கண்களை மூடிக்கொண்டு சொன்னாள். "கண்டறியாத கலாசாரம்."

கோயிலுக்குள் பீடத்தின்மேல் கண்ணாடிப் பேழை. அதில் புனித உபால்தோ படுத்திருந்தார். சுருவம் இல்லை, அவரேதான். பல நூற்றாண்டுகளாக அழியாத உடல், பழுப்புத் தோலும் ஆயர் உடையுமாக. நான் ஓரடி பின்னால் போனேன். ரெஜினாவுக்கு இது ஒன்றும் செய்யவில்லை. சட்டென்று முழந்தாளிட்டு, பெட்டிக்குள் இரண்டாக முறிந்துபோயிருந்த மெழுகுதிரியை ஒட்டவைத்துக் கொளுத்தினாள்.

வெளியே மதிலருகே நின்று எத்தோரேயிடம் கேட்டேன், ஓட்டத்தில் யார் வெல்லுவது என்று.

"உபால்தோ."

"போன வருடமா?"

"எல்லா வருடமும். முதலில் உபால்தோ, பிறகு ஜோர்ஜியார், கடைசியில் அந்தோனியார். முந்தக் கூடாது."

"முடிவு தெரிந்த ஓட்டத்தை ஏன் ஓடவேண்டும்?"

எத்தோரே நான் பிரெஞ்சே பேசவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தார். "விழாமல் போய்ச்சேர வேண்டும். இடைவெளி விடாமல் போய்ச்சேர வேண்டும். வேறென்ன இருக்கிறது?" பிறகு கீழே, மலைப்பாதை ஊர் வாயிலிலிருந்து திரும்பும் முதல் வளைவைக் காட்டினார். "அதுதான் எங்கள் இடம். ஓடிக்கொண்டே தோள் மாற்றவேண்டும். தூக்குகிற இடது கட்டை, முன்னாலிருந்து இரண்டாவது தோள். அப்பாவின் இடம், பிறகு என்னுடையது. மொன்றியலில் முதல் பனிக்காலத்தில், தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போகும்போது, திருப்பங்களில் என்னை அறியாமல் இடது தோளைப் பதிப்பேன்."

"இந்த முறை பார்க்கத்தானே போகிறீர்கள்?"

"பார்க்கத்தான்" என்றார். நான் கேட்டு முடிக்குமுன்பே சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள், திருநாள். விடிய முன்பே தெருவெல்லாம் முரசு. கீழே வந்தால், எத்தோரே கறுப்புச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி, இடுப்பில் சிவப்புக் கச்சை என்று நிற்கிறார்.

"பார்ப்பதற்கு உடுப்பு எதற்கு?"

"இன்றைக்கு இங்கே நாய்க்கும் உடுப்பு உண்டு" என்றார். உண்மைதான். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய ஒரு நாய் எங்களைக் கடந்து போயிற்று.

மதியம் சதுக்கத்தில் மூன்றையும் நிமிர்த்துவார்கள். அந்தச் சனத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மொன்றியல் கோடை விழாக்களின் கூட்டம் எனக்குப் பழக்கம். அங்கே நெருக்கத்திலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகுவார்கள். இங்கே விலக இடமில்லை. மூச்சை எல்லாரும் சேர்ந்துதான் விட்டோம். சதுக்கத்தில் படுக்கவைத்திருந்த மெழுகுதிரிகளின்மேல் மூன்று அணிகளின் தலைவர்களும் ஏறி நின்றார்கள். ஆளுக்கொரு மண்குடம் கொடுத்தார்கள். குடத்துத் தண்ணீரை மரத்தின் அடியில் ஊற்றிவிட்டு, குடத்தைச் சனத்துக்குள் வீசி எறிந்தார்கள். குடம் உடைந்தது. தலையில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்து முடிக்குமுன், பெரியவர்களும் பெண்களும், அதிர்ஷ்டம் தரும் என்று, ஓட்டுத் துண்டுகளுக்காக ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"சாமி தூக்கேக்க குடத்தால எறியினமே!" ரெஜினா என் கையைக் கிள்ளினாள்.

அந்த நொடியில் மூன்றும் ஒரே வீச்சில் நிமிர்ந்தன. சனம் கத்திய கத்தலில் என் காது அடைத்தது. உச்சியில் மஞ்சள், நீலம், கறுப்பு மேலாடைகளோடு சின்னச் சின்னப் புனிதர்கள் ஆடினார்கள். ஆடியபடியே எங்களை நோக்கி வந்தார்கள்.

இங்கேதான் நாங்கள் இருவரும் ஒரு காரியம் செய்தோம். எங்கள் வழக்கத்தில், கூடு அருகே வரும்போது தெரு என்றாலும் முழந்தாளிட்டுச் சிலுவை போடவேண்டும். யோசித்துச் செய்வதல்ல, கால் தானாக மடங்கும். மடங்கியது. சதுக்கத்தின் நடுவில், ஓடிவரும் புனித உபால்தோவுக்கு முன்னால், நாங்கள் இருவரும் முழந்தாளில் இருந்தோம்.

யாரோ என் சட்டைக் கழுத்தைப் பிடித்தார்கள். யாரோ ரெஜினாவின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். நாங்கள் மனிதச் சுவரின்மேல் எறியப்பட்ட அதே கணம், வியர்வையும் மரமும் நாறும் ஒரு காற்று முகத்தில் அடித்தது. கட்டையின் நுனி என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் போயிற்று.

எங்களைத் தூக்கிய பெண் இத்தாலியனில் கத்தினாள். எத்தோரே வெளிறிப்போய் மொழிபெயர்த்தார்: "சாக வந்தீர்களா என்று கேட்கிறாள்."

"கும்பிட வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ" என்றாள் ரெஜினா.

மதியச் சாப்பாடு நீண்ட மேசைகளில், கறுப்புச் சட்டைக்காரர்களோடு. கருவாட்டு மீன், கணவாய், வைன், பாட்டு. எத்தோரே மேசையின் மறுபக்கத்தில் பழைய கூட்டாளிகளோடு பாடிக்கொண்டிருந்தபோது, புரூனோ என்னருகே வந்து உட்கார்ந்தார்.

"ரொசால்பா உன்னிடம் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் போன் பண்ணினாள்."

"பார்க்க மட்டும்தான் போகிறேன் என்றார்."

"பொய். அவன் வளைவுக்கு வருவான். தன் இடத்தில் நிற்பான். நிற்பது அவனுடைய உரிமை, அதை ஒருவரும் தடுக்கமாட்டோம். ஆனால் மரம் வரும்போது தோளைக் கொடுப்பான். அவன் நாலடி ஓடி விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் அவன்மேல் விழுவார்கள். மரம் எல்லார்மேலும் விழும். அவன் ஒருவனுடைய நெஞ்சு அல்ல விசயம்."

"அப்படியென்றால் நீங்களே சொல்லித் தடுங்கள்."

"சொன்னேன். என்னைக் கோழை என்றான்." புரூனோ ஒரு பாண் துண்டை எடுத்து எண்ணெயில் தோய்த்தார். "வேறொருவனை அந்த இடத்துக்கு ஆயத்தமாக வைத்திருக்கிறேன். நீ எத்தோரேக்குப் பின்னால் மதிலோடு நில். அவன் காலெடுத்து வைக்கும்போது கச்சையைப் பிடி."

நான் திகைத்துப்போனேன். "ஏன் நான்?"

"எங்களில் ஒருவன் பிடித்தால், சாகும்வரை அந்த வீட்டுப் படி ஏறமுடியாது. நீ வெளியாள். உன்னை மன்னித்துவிடுவான்." கொஞ்சம் யோசித்தார். "மன்னிக்காவிட்டாலும் உனக்கு மொன்றியலில் வேறு நண்பர்கள் இருப்பார்கள்."

இவ்வளவு அமைதியாக ஒரு மனிதன் இன்னொருவனிடம் இப்படிக் கேட்டதை நான் கேட்டதில்லை. அதைவிட அதிர்ச்சி, நான் சரி என்று தலையாட்டியது.

பின்னேரம் ஆயர் ஆசீர்வாதம் கொடுத்ததும் ஓட்டம் தொடங்கியது. நான் அதற்கு முன்பே வளைவுக்கு ஏறிப்போய்விட்டேன். ரெஜினா கீழே வாயிலருகே பெண்களோடு நின்றாள். எத்தோரே எனக்கு முன்னால், பாதையோரத்தில், தன் இடத்தில் நின்றார். நான் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. பாதை இங்கே வீட்டுக் கூரைபோல் சரிந்து ஏறுகிறது. சுமை இல்லாமல் ஏறிவந்த எனக்கே மூச்சு வாங்கியது.

ஊருக்குள் இரைச்சல் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போவது கேட்டது. பிறகு வாயிலுக்குள்ளிருந்து அது அப்படியே வெளியே கொட்டியது. மஞ்சள் சட்டைகள் வளைவில் திரும்பின. முகங்கள் மனித முகங்களாக இல்லை. ஓட்டத்தை நிறுத்தாமலே ஒரு தோள் வெளியே வந்தது, ஒரு தோள் உள்ளே போயிற்று. உபால்தோ போய்விட்டார். நீலச் சட்டைகள். ஜோர்ஜியாரும் போய்விட்டார். பின்னாலேயே கறுப்பு.

எத்தோரே இடது தோளைப் பதித்தார். முழங்கால்களைச் சற்று மடக்கினார். மொன்றியலில் வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த மனிதர் அவர். அந்த மனிதர் அங்கே இல்லை. நான் கச்சையின் இரண்டு மடிப்புக்குள்ளும் விரல்களைக் கொடுத்தேன்.

அவர் காலெடுத்து வைத்தார்.

இழுப்பு என் கையிலிருந்து முதுகுவரை ஏறியது. அறுபது கடந்தவரின் இழுப்பாக அது இல்லை. என் சப்பாத்து கல்லில் வழுக்கியது. குதிக்காலை மதிலில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் சாய்ந்தேன். என்ன பிடித்தது என்று தெரியாமல் எத்தோரே இன்னொருமுறை முன்னால் பாய்ந்தார். அந்த இடத்துக்குள் வேறொரு கறுப்புச் சட்டை நுழைந்தது. மரம் எங்கள் தலைக்குமேல் வளைவின் வெளிப்பக்கம் சாய்ந்தது. அந்தோனியாரின் முகம், கறுப்பு மேலாடை, வெள்ளைத் தாடி, எல்லாம் என்மேல் விழப்போவதுபோல் வந்து, திரும்ப நிமிர்ந்து, போய்விட்டன.

எத்தோரே திரும்பினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார். விரல்கள் இன்னும் கச்சைக்குள் இருந்தன. அவற்றை உடனே எடுக்க என்னால் முடியவில்லை.

"நீயா" என்றார். நாங்கள் எப்போதும் பேசும் பிரெஞ்சில் அல்ல, தன் மொழியில் சொன்னார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மேலே நடக்கத் தொடங்கினார்.

ரெஜினா மூச்சிரைக்க ஏறிவந்தாள். "என்ன நடந்தது?"

"பிடிச்சிட்டன்."

"தூக்கேல்லையோ?"

"இல்லை."

மேலே போகும் எத்தோரேயின் முதுகை அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். "பாவம் அந்த மனுசன். ஒரு நாலடி விட்டிருக்கலாம்."

"நாலடியில செத்திருந்தால்?"

"செத்திருந்தால் உங்களைத்தான் பேசியிருப்பன்" என்றாள். இதில் முரண்பாடு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

நாங்கள் உச்சிக்கு ஏறிச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. அங்கே நடந்ததை அருகில் நின்றவர்கள் சொன்னார்கள். உபால்தோவின் ஆட்கள் கோயிலுக்குள் நுழைந்ததும், மற்ற இரண்டு பேரும் வருமுன் கதவைச் சாத்தப் பார்ப்பார்களாம். அதுவும் வழக்கம். இந்த முறையும் சாத்திவிட்டார்கள்.

"அந்தோனியாரை வாசலில விட்டுக் கதவைச் சாத்தினவையோ?" ரெஜினா வாயில் கைவைத்தாள். "அவ்வளவு தூரம் ஓடிவந்தவரை? வனத்து அந்தோனியார் எண்டாலும் அந்தோனியார்தானே!"

பிறகு கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே விட்டார்களாம். முற்றத்தில் மஞ்சளும் நீலமும் கறுப்பும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். முடிவு தெரிந்த ஓட்டத்துக்காக வளர்ந்த ஆண்கள் இப்படி அழுவதை நான் பார்த்ததில்லை. எத்தோரே மட்டும் மதிலின்மேல், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவருக்குக் கிட்டே போகவில்லை. புரூனோ என்னைக் கடக்கும்போது, தமையனுக்குக் கேட்காத குரலில், "நன்றாகப் பிடித்தாய்" என்றார்.

அப்போது புரூனோவின் கைத்தொலைபேசி அடித்தது. இரண்டு சொல் பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். ரொசால்பா. லவாலில் அப்போது மதியம் கழிந்திருக்கும்.

"எப்படி இருக்கிறார்?"

"நன்றாக இருக்கிறார். மலைக்கு நடந்தே ஏறினார். மூச்சும் சரியாக இருக்கிறது."

"தூக்கினாரா?"

தொழிற்சாலையில் மேலாளருக்குச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னேன். "இல்லை. தன் இடத்தில் நின்றார். மரம் வந்தபோது காலெடுத்து வைத்தார். நான் பின்னால் நின்று கச்சையைப் பிடித்துக்கொண்டேன். மரம் அவருடைய தோளில் படவேயில்லை."

நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன்.

"படவேயில்லையா?" என்றார் ரொசால்பா. குரல் உடைந்திருந்தது. "கொஞ்சம்கூடவா, மரியோ?"